சோணை வறுத்த கடலை

போடியில் ஜீப்பை விட்டு இறங்கியதும் சோணை செய்த முதல் காரியம், மூச்சை ஆழமாக இழுத்துப் பார்த்ததுதான். காற்று வந்தது. காற்றோடு வேறெதுவும் வரவில்லை.

பஸ் நிலையத்துக்கு எதிர்க்கடையில் காப்பிக்கொட்டை அரைத்துக்கொண்டிருந்தார்கள். இயந்திரத்தின் வாயிலிருந்து பழுப்புத் தூள் கொட்டுவது தெரிந்தது. பக்கத்துக் கடையில் ஒருவர் வாழைக்காய் பஜ்ஜியை எண்ணெயில் புரட்டிப் போட்டார். மல்லிகைப்பூக் கூடையை இடுப்பில் வைத்த பெண் ஒருத்தி அவனை உரசாத குறையாகக் கடந்து போனாள். எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. சனிக்கிழமைச் சாயங்காலத்துப் போடிக்கு என்னென்ன வாசம் உண்டோ, அத்தனையையும் மட்டும் யாரோ துடைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

ஒரு மாதமாக இப்படித்தான். ஆயுத பூசை முடிந்த வாரம் மலையில் காய்ச்சல் வந்து ஆறு நாள் படுத்தான். ஏழாம் நாள் எழுந்து கஞ்சி குடித்தான். கஞ்சியில் உப்பு தெரிந்தது. ஊறுகாயில் புளிப்பும் உறைப்பும் தெரிந்தன. வாசம் மட்டும் இல்லை. சளி போனால் சரியாகிவிடும் என்று இருந்தான். சளி போயிற்று. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால், ஊர் ஒரு வாரம் உச்சுக்கொட்டிவிட்டு மறந்திருக்கும். சோணைக்கு ஆனதுதான் சாமியின் குசும்பு. போடிமெட்டுக்கு அந்தப் பக்கச் சரிவில் ஒரு ஏலத்தோட்டத்தில் அவன் ஸ்டோர்க்காரன். ஸ்டோர் என்றால் சாமான் விற்கும் கடை இல்லை; பறித்து வந்த பச்சை ஏலக்காயைக் காயவைக்கும் சூட்டறை. வெளியே விறகடுப்பு, உள்ளே அறையைச் சுற்றி ஓடும் இரும்புக் குழாய், குழாய்க்கு மேலே அடுக்கடுக்காகத் தட்டுகள். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் காய வேண்டும். கொஞ்சம் முன்னால் எடுத்தால் மூட்டையில் பூசணம் பிடிக்கும். கொஞ்சம் தாமதித்தால் பச்சை வெளுத்து, தோல் வெடித்து, சந்தையில் சீந்த ஆள் இருக்காது. அந்த இரண்டு கொஞ்சத்துக்கும் நடுவில் ஒரு நேரம் உண்டு. அதைச் சோணை மூக்கால் கண்டுபிடிப்பான். கதவை ஒரு சாண் திறந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டி, கண்ணை மூடி, ஒரே ஒரு மூச்சு. பிறகு "எடுங்கப்பா" என்பான். எடுப்பார்கள். பதினோரு வருடத்தில் ஒரு தட்டு வீணானதில்லை. மூக்குச் சோணை என்றால் பூப்பாறை வரைக்கும் தெரியும்.

பேர் வந்தால் கூடவே திமிரும் வந்து ஒட்டிக்கொள்ளும் அல்லவா. மற்ற தோட்டங்களில் ஸ்டோர்க்காரர்கள் ஒரு கைப்பிடி காயை அள்ளிக் காதோரம் குலுக்கிப் பார்ப்பார்கள். காய்ந்திருந்தால் உள்ளே விதை கலகலக்கும். சோணை அதைப் பார்த்துச் சிரிப்பான். "கிலுகிலுப்பை ஆட்டுறவனெல்லாம் ஸ்டோர்க்காரனாடா?" என்று பக்கத்துத் தோட்டத்து மலைச்சாமியை நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டான். மலைச்சாமி அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டான்.

இப்போது அந்த நாலு பேர் கண்ணுக்கு முன்னால் எப்படிக் குலுக்குவது? குலுக்கினால் மூக்கு போன சங்கதி வெளியே வந்துவிடும். வந்தால் முதலாளி அடுப்பை வேறு ஆள் கையில் கொடுத்துவிடுவார். அப்புறம் சோணை யார்? விறகு சுமக்கலாம், களை வெட்டலாம். சம்பளம் ஏதோ வரும். ஆனால் கதவுக்கு முன்னால் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு தன் ஒற்றை மூச்சுக்குக் காத்து நிற்பார்களே, அந்த நிமிடம் இனி வராது. அதை விட அவனுக்கு மனசில்லை. ஆகவே தினமும் கதவைத் திறந்தான், தலையை நீட்டினான், ஒன்றுமில்லாத காற்றை உறிஞ்சினான், கண்ணை மூடி யோசிப்பதுபோல் நின்றான், பழகிய கணக்கில் குத்துமதிப்பாகச் சொன்னான். எப்படியோ இதுவரை ஒரு தட்டும் கெடவில்லை.

இந்தச் சமயம் பார்த்து அவன் கையாள் வீரையா வேறு தொணதொணத்தான். நாலு வருடமாகக் கூட நிற்கிறவன், திடீரென்று நேற்று வந்தவன்போல் ஒவ்வொன்றையும் கேட்டான். "அண்ணே, சன்னலைத் தொறக்கவா?" "அண்ணே, இன்னும் ரெண்டு வெறகு வைக்கட்டுமா?" "அண்ணே, ஆயிருச்சுல்ல?" சோணை எரிச்சலோடு தலையாட்டுவான். வரவர இவனுக்குப் புத்தி மழுங்குகிறது என்று நினைத்துக்கொள்வான்.

இன்னொரு விசித்திரமும் நடந்துகொண்டிருந்தது. தூங்கினால் வாசம் வந்தது. அடுப்புச் சூட்டுக்கு முன்னால் மத்தியானம் கண் அசந்தால் போதும், புதுமழை நனைத்த கரிசல் மண் மணக்கும். அவனுடைய ஆத்தா கொதிக்கவைக்கும் நல்லெண்ணெய் மணக்கும். ஒரு நாள், பள்ளிக்கூடத்தில் புதிதாகக் கொடுத்த சிலேட்டின் மணம்கூட வந்தது. விழித்தவுடன் எல்லாம் ஓடிவிடும். கண் திறந்திருக்கும் உலகம் மலைமூட்டத்துக்குள் நடப்பதுபோல் மங்கிக் கிடக்க, கனவு மட்டும் பளிச்சென்று இருந்தது. சோணை தூங்குவதற்கு ஆசைப்பட ஆரம்பித்தான்.

வீட்டுக்கு வந்தபோது அவன் மனைவி பொன்னுமணி முற்றத்தில் ஒரு சாக்கைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிலமலையில இருந்து அண்ணன் கொண்டாந்து போட்டுச்சு மாமா. புதுக்கடலை. நல்லா காஞ்சிருக்கு" என்று ஒன்றை உடைத்து அவன் வாயில் போட்டாள். சோணை மென்றான். இனிப்பு லேசாகத் தெரிந்தது. "நல்லாருக்கு" என்றான்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கீழே போய்விட்டுத் திரும்புகிறவர் யாரானாலும் ஸ்டோருக்கு ஏதாவது தின்பண்டம் கொண்டுவர வேண்டும். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பால் விடாத கட்டன்சாயாவோடு தின்பார்கள். இன்னார் வீட்டு முறுக்கு கல், இன்னார் வீட்டு அதிரசம் சவ்வு என்று யாரும் குறை சொல்லக் கூடாது. வீட்டிலிருந்து வந்ததைக் குறை சொல்வது, வீட்டுக்காரியைக் குறை சொல்வது. ஆனால் குறைக்கே இடமில்லாத பண்டம் என்று ஒன்று இருந்தால் அது பொன்னுமணியின் காரக்கடலைதான். மணலில் வறுத்து, மிளகாயும் பூண்டும் பெருங்காயமும் போட்டுப் புரட்டி, கடைசியில் ஏலத்தோலை இடித்து ஒரு சிட்டிகை தூவுவாள். காயை மற்றவர்களுக்கு அனுப்பிவிட்டுத் தோலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருகிற புருசனுக்கு அதுதான் சரியான பண்டம் என்று கேலி பேசுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நேரமில்லை. ராசிங்காபுரத்தில் அவளுடைய சின்னம்மா பேத்திக்குக் காதுகுத்து. விடியக்காலையில் குளித்து, பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றாள். சோணை அவள் தோள்பக்கம் முகத்தைக் கொண்டுபோனான். அவளுக்கு வெட்கம் வந்தது. அவனுக்கு வந்தது வேறு. கண்ணுக்கு முன்னால் ஒரு முழம் மல்லிகை. வெள்ளைக் காகிதத்தை முகர்ந்தாலாவது ஏதாவது இருக்கும். சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் சிரித்த முகமாகக் கிளம்புகிறாள், எதற்கு என்று விழுங்கிக்கொண்டான்.

"நான் பொழுதுசாயத்தான் வருவேன். கடலையை வந்து ஒடைச்சு வறுத்து, நாளைக்குக் காலையில போற ஜீப்புல குடுத்து விடுறேன். சோறு அடுப்படியில இருக்கு, வெரசா சாப்பிட்டுக் கிளம்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீடு அமைதியாகிவிட்டது. ஜீப் இரண்டு மணிக்குத்தான். சோணை படுத்துப் பார்த்தான், எழுந்தான், நடந்தான். அடுப்படியில் வறுக்கும் இரும்புச்சட்டி கவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் ஒரு யோசனை தோன்றியது. பதினோரு வருடம் நெருப்போடு குடித்தனம் நடத்துகிறவனுக்குக் கடலை வறுக்கத் தெரியாதா? மூக்கில்லாமல் ஒரு சட்டிக் கடலையைப் பதமாக இறக்க முடிந்தால், மூக்கில்லாமல் ஸ்டோரையும் நடத்தலாம். முடியாவிட்டால்? அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

சாக்குக் கடலையை உடைத்துக்கொண்டிருந்தால் ஜீப் போய்விடும். பரணில் கைவிட்டுத் துழாவியபோது ஒரு டின் அகப்பட்டது. மூடியைத் திறந்தான். உள்ளே உடைத்த பருப்பு, அரை டின்னுக்கு மேல். வேலை மிச்சம் என்று சந்தோசப்பட்டான்.

உப்பைத் தண்ணீரில் கரைத்து, பருப்பைப் போட்டுப் புரட்டி, முறத்தில் பரப்பி வெயிலில் வைத்தான். ஈரம் வற்றியதும் ஆற்றுமணலைச் சட்டியில் கொட்டி அடுப்பை மூட்டினான். மணல் கைபொறுக்காத சூடானதும் பருப்பைப் போட்டுக் கரண்டியால் கிளற ஆரம்பித்தான். கதவிடுக்கு வழியாக வெயில் ஒரு கோடாக விழுந்து புகையில் நின்றது. மணல் சரசரவென்று ஒரே சீராகப் புரண்டது. அந்தச் சத்தத்துக்கும் சூட்டுக்கும் கண் சொருகியது. தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. கை மட்டும் கிளறிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் வந்தது.

முதலில் சுட்ட மண்ணின் மணம், பிறகு கடலைத்தோல் கருகத் தொடங்குமுன் வருகிற இனிப்பான வாடை, பிறகு முழுதாக, தாராளமாக, வறுத்த கடலையின் வாசம். மூக்கில் ஏறி, தொண்டையில் இறங்கி, நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது. சோணைக்கு உடம்பு சிலிர்த்தது. கரண்டியை விடவில்லை, விட்டால் ஓடிவிடுமோ என்று பயம். கண்ணில் தண்ணீர் வந்தது, புகையால் அல்ல. சரியான நேரத்தில் சட்டியை இறக்கினான். சல்லடையில் மணலைச் சலித்துக் கீழே தள்ளினான். கடலை பொன்னாக மின்னியது. ஒன்றை வாயில் போட்டுக் கடித்தான், மொறுமொறுவென்று உடைந்தது.

எண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டு, கறிவேப்பிலை, மிளகாய்த்தூள், பெருங்காயம் எல்லாம் பொன்னுமணி போடுகிற வரிசையில் போட்டான். போடப் போட ஒவ்வொன்றும் மணத்தது. கடைசியாக ஏலத்தோல் தூளைத் தூவினான். அந்த மணம் வந்தபோது அவனால் நிற்க முடியவில்லை, அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒரு மாதத்துப் பாரம் இறங்கியது. "ஆத்தா, ஜக்கம்மா" என்று கும்பிட்டான். பொன்னுமணி பக்கத்தில் இல்லையே என்று இருந்தது. அடுத்த சனிக்கிழமை வந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், போனதையும் வந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஜீப்பில் பதினான்கு பேரோடு ஒடுங்கி உட்கார்ந்து, வறுத்ததை நிரப்பிய வேறு டின்னை மடியில் கட்டிக்கொண்டு மலை ஏறினான். அடிவாரத்து முந்தல் தாண்டியதும் குளிர் ஏறியது. வளைவுக்கு வளைவு மேகம் ஜீப்புக்குள் வந்து, முகங்களைத் தடவிவிட்டு, மறுபக்கம் இறங்கிப் போனது. கீழே போடி ஒரு கைப்பிடிக் கூரை ஓடும் தென்னையுமாகச் சுருங்கி, பிறகு அதுவும் இல்லை. சோணை மேகத்தை முகர்ந்து பார்த்தான். ஒன்றும் இல்லை. பக்கத்து ஆள் பீடியை முகர்ந்தான். அதுவும் இல்லை. போன மூக்கு ஒரே நாளில் மூட்டை முடிச்சோடு வந்துவிடுமா, காலையில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறது, மெல்ல மெல்லத்தான் வந்து தங்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

ஸ்டோரில் வீரையா இருந்தான். தட்டு அள்ளும் முனியாயி இருந்தாள். தோட்டத்து வரிசை வீடான லயத்திலேயே குடியிருப்பவள், வாய்த்துடுக்குக்குப் பேர்போனவள். சாயா போடும் மலையாளி, சாந்தம்பாறைச் சேட்டனும் இருந்தார். சோணை டின்னை நடுவில் வைத்தான்.

"இன்னைக்கு நானே வறுத்தது" என்றான். அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு மூவரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு மாதமாக வாடிக் கிடந்த முகத்தில் வெளிச்சம் இருந்தது.

வீரையா ஒரு கை அள்ளி வாயில் போட்டான். மென்றான். மெல்லுவதை நிறுத்தினான். மறுபடி மென்றான். முனியாயி போட்டாள், வாய்த்துடுக்குக்காரி ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே மூட்டத்தைப் பார்த்தாள். சேட்டன் கண்ணை அகல விரித்து, சாயாவை ஒரு மடக்குக் குடித்து, விழுங்கினார்.

"எப்படி?" என்றான் சோணை.

"கொள்ளாம், சோணை. கொள்ளாம்" என்று நன்றாயிருப்பதாகத் தன் மலையாளத்தில் சொன்னார் சேட்டன்.

"காரம் சரியா இருக்குண்ணே" என்றான் வீரையா.

"அள்ளிக்கங்க, நெறையா இருக்கு" என்று சோணை டின்னைத் தள்ளினான். அவர்கள் அள்ளிக்கொண்டார்கள். முனியாயி தன் பங்கை முந்தானையில் முடிந்தாள், லயத்துக்குப் போய்த் தின்பதாகச் சொன்னாள்.

சோணைக்குத் தலைகால் புரியவில்லை. அதே வேகத்தில் எழுந்துபோய் ஸ்டோர் கதவை ஒரு சாண் திறந்து தலையை நீட்டினான். சூடு முகத்தில் அறைந்தது. வாசம் வந்ததா? வந்ததுபோல்தான் இருந்தது. வந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டான். "எடுங்கப்பா" என்றான்.

வீரையாவும் முனியாயியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அண்ணே, தட்டு எறக்குற பொம்பளைக எல்லாம் லயத்துக்குப் போயிட்டாக" என்றான் வீரையா. "தீயைக் கொறைச்சு வச்சுர்றேன். காலையில எடுத்துக்கலாமாண்ணே?"

ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக எல்லாரும் சீக்கிரம் போய்விட்டார்கள்போல. சோணை முகத்தைச் சுளித்துவிட்டு, சரி என்றான். அன்று நன்றாகத் தூங்கினான். கனவில் மட்டும் என்ன காரணமோ, எந்த வாசமும் வரவில்லை.

திங்கட்கிழமை காலை பறிப்புக்குப் பெண்களை ஏற்றி வரும் ஜீப் வந்து நின்றது. கூடையும், மழைக்குத் தலையில் போர்த்தும் கொங்காணியுமாக இறங்கிய கூட்டத்தில் கடைசியாகப் பொன்னுமணி இறங்கினாள். கையில் ஒரு தூக்குச்சட்டி. கல்யாணமான ஏழு வருடத்தில் அவள் தோட்டத்துக்கு வந்தது இரண்டு தடவைதான். சோணை பதறிப்போய் எதிரே ஓடினான். அவள் அவனைத் தாண்டி நேராக அடுப்பைச் சுற்றி நின்றவர்களிடம் போனாள்.

"நேத்துக் கடலையைத் தின்னீங்களா எல்லாரும்?" என்றாள். "மன்னிச்சுக்கங்க. தப்பு எம்மேலதான். போன வருசத்துக் கடலை காறிப்போச்சுன்னு, செக்குல குடுத்து வெளக்குக்கு எண்ணெய் ஆட்டலாம்னு பரண்ல போட்டு வச்சிருந்தேன். காதுகுத்துக்குப் போற அவசரத்துல டின்னை மாத்தி எடுத்துக் குடுத்துட்டேன். இவரு பாவம், நான் குடுத்ததை வறுத்துட்டாரு. இது புதுக்கடலை, இந்தாங்க."

"அதெல்லாம் ஒண்ணும் தெரியலையே மதினி" என்றான் வீரையா, புதுக்கடலையை ஆவலாக வாயில் போட்டபடி.

சோணை நின்ற இடத்திலேயே நின்றான். காறிப்போன கடலை. அடுத்த வீட்டுக்காரன்கூட முகத்தைச் சுளிக்கிற நாற்றம் அடிக்குமே அது. அப்படியானால் அவன் மூக்கில் ஏறியது எது? தொண்டையில் இறங்கியது எது? நேற்று அடுப்படியில் உட்கார்ந்து கும்பிட்டது எதை? மூட்டம் அவனைச் சுற்றி இறுகியது. சாமி ஒரு நாள் கொடுத்துவிட்டுத் திருப்பிப் பிடுங்கிக்கொள்வதற்கு, கொடுக்காமலே இருந்திருக்கலாம்.

பொன்னுமணி அவன் கையைப் பிடித்து விறகு அடுக்குக்குப் பின்னால் கூட்டிப் போனாள்.

"எத்தனை நாளாச்சு மாமா?"

அவன் அடுக்கிலிருந்த விறகின் பட்டையை உரித்தான்.

"வந்து பாக்குறேன், டின்னு காலி. சாக்கு அப்படியே இருக்கு. மூடியைத் தொறந்தாலே வீடு முழுக்க நாறுமே, அதைப் போயி மூக்குச் சோணைக்குச் சொல்லணுமான்னுதான் சொல்லாமப் போனேன். அந்த டின்னைப் பாத்ததும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. எத்தனை நாளாச்சு?"

"காய்ச்சல்ல இருந்து" என்றான். "ஆனா பொன்னு, வறுக்கறப்ப வாசம் வந்துச்சு. சத்தியமா வந்துச்சு. நீ வறுத்தா எப்படி மணக்குமோ அப்படி. பூண்டு போட்டேன், பூண்டு மணத்துச்சு. ஏலத்தோலு மணத்துச்சு. நான் பொய் சொல்லல."

பொன்னுமணி அவன் முகத்தையே பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வந்திருக்கும் மாமா" என்றாள். "ஏழு வருசமா நான் வறுத்த வாசம், உங்க மண்டைக்குள்ள கெடந்து வந்திருக்கும்."

அதற்குமேல் சோணையால் தாங்க முடியவில்லை. விறகில் சாய்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் அழவிட்டாள். முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இந்த அடுப்பு போயிரும் பொன்னு" என்றான் கடைசியில். "மூக்கில்லாதவனுக்கு இங்க என்ன சோலி?"

"எனக்கு எதுவும் தெரியாது" என்றாள் அவள். "ஆனா நீங்க வறுத்ததுல பதம் தப்பல. காறலா இருந்தாலும் ஒண்ணுகூடக் கருகல, ஒண்ணுகூடப் பச்சையா இல்ல. சட்டியில ஒட்டிக்கிட்டு இருந்ததைக் கடிச்சுப் பாத்தேன். எதை வச்சு எறக்குனீங்க?"

சோணை யோசித்தான். உண்மையில் அவனுக்கே தெரியவில்லை. கண் சொருகியிருந்தது, கை கிளறிக்கொண்டிருந்தது. மணலின் சத்தம் மாறியது ஞாபகம் வந்தது. ஈரப் பருப்பு மணலில் மந்தமாகப் புரளும். காயக் காயத் தோல் விட்டுக் கலகலக்கும். அந்தக் கலகலப்பு வந்தபோதுதான் சட்டியை இறக்கினான். வாசம் கனவில் வந்திருக்கலாம். சத்தம் நிசமாகவே கேட்டது.

கலகலப்பு. மலைச்சாமியின் முகம் நினைவுக்கு வந்தது. சோணைக்குக் காது மடல் சுட்டது.

வெளியே வந்தான். வீரையா, முனியாயி, சேட்டன், தட்டு இறக்க வந்த பெண்கள், எல்லாரும் நின்றார்கள். கதவைத் திறந்தான். ஒரு சாண் அல்ல, முழுதாகத் திறந்தான். தலையை நீட்டவில்லை, உள்ளே நடந்து போனான். நடுத்தட்டிலிருந்து ஒரு கைப்பிடி காயை அள்ளிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தான். எல்லார் கண்ணும் தன் மேல் இருப்பது தெரிந்தது. கையை மூடி, காதோரம் கொண்டுபோய், குலுக்கினான்.

யாரும் சிரிக்கவில்லை. உள்ளே விதைகள் சின்னதாக, தெளிவாகக் கலகலத்தன. பதினோரு வருடமாக இந்தச் சத்தத்தை அவன் ஒரு தரம்கூட நின்று கேட்டதில்லை.

நேராக வீரையாவிடம் போய் உள்ளங்கையை நீட்டினான். "எனக்கு மூக்கு போச்சு வீரையா. காய்ச்சலோட போச்சு. இத்தனை நாளா நடிச்சுக்கிட்டிருந்தேன். காது ஆச்சுங்குது. நீ ஒருவாட்டி மோந்து சொல்லுப்பா."

வீரையா முகரவில்லை. தரையைப் பார்த்தான். "ஆயிருச்சுண்ணே. விடியக்காலமே மோந்து பாத்துட்டோம்."

"மோந்தீங்களா?"

"ஒரு மாசமா நாங்கதானே மோந்துக்கிட்டிருக்கோம்" என்றாள் முனியாயி. நேற்றிலிருந்து அடக்கி வைத்த வாய் திறந்துகொண்டது. "நீங்க காய்ச்சல் விட்டு வந்த அன்னைக்கு, குழாய் மேல கெடந்த சாக்கு உங்க முதுகுக்குப் பின்னால தீஞ்சு பொகைஞ்சுச்சு. பக்கத்துல நின்னுக்கிட்டு மடியில பீடியத் தேடுனீங்க. அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றது? அதான் இவன் மோந்து பாத்துட்டு வந்து, கேக்குற மாதிரி கேப்பான். நீங்க தலையாட்டுவீங்க."

சன்னலைத் திறக்கவா. இன்னும் ரெண்டு விறகு வைக்கட்டுமா. ஆயிருச்சுல்ல. ஒவ்வொன்றாகச் சோணைக்குத் திரும்பக் கேட்டது. புத்தி மழுங்கியவன் என்று இவனையா நினைத்தோம் என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில், குளிர்காலத்தில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்ததுபோல் ஒரு சூடு பரவியது.

"அப்ப நேத்துக் கடலை?" என்றான்.

"மொகத்துல அம்புட்டு சந்தோசம் இருந்துச்சு" என்றான் வீரையா. "எப்படிண்ணே துப்புறது?"

"ஞான் அடுப்பில் இட்டு" என்றார் சேட்டன். "நல்லவண்ணம் கத்தி."

பெண்கள் சிரித்தார்கள். நன்றாக எரிந்ததாம். பொன்னுமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சோணையும் சிரித்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பழைய குரலில், "எடுங்கப்பா" என்றான். எடுத்தார்கள்.

தட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. திறந்த கதவு வழியாகச் சூட்டுக் காற்று புறப்பட்டு மூட்டத்துக்குள் கலந்தது. மலைச்சாமியின் தோட்டம் ஒரு மைல் தூரம்தான். சாயங்காலம் புதுக்கடலையில் கொஞ்சம் கட்டிக்கொண்டு நடந்துபோய்விட்டு வரவேண்டும் என்று சோணை நினைத்துக்கொண்டான். வாசலில் கிடந்த கல்லில் உட்கார்ந்து, பொன்னுமணியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னான். தூக்குச்சட்டியிலிருந்து ஒரு கை அள்ளி மென்றான். உப்பு, உறைப்பு, மொறுமொறுப்பு. அவ்வளவும் இருந்தது.

"இப்ப எப்படி மணக்குது?" என்று கேட்டான்.

பொன்னுமணி மூக்கை உயர்த்தினாள். "காயா, கடலையா?"

"எல்லாந்தான். ஒண்ணொண்ணாச் சொல்லு."

அவளுக்கு இப்படியெல்லாம் சொல்லிப் பழக்கமில்லை. கொஞ்சம் யோசித்தாள். "காயி, பச்சையா மணக்குது. மழை விட்டதும் எலுமிச்சை எலையைக் கசக்குன மாதிரி. அதுக்கு அடியில கொஞ்சம் பொகை. கடலையில பூண்டு தூக்கலா இருக்கு, நேத்துப் பதட்டத்துல அள்ளிப் போட்டுட்டேன். அப்புறம் எந்தலையில நேத்து வச்ச பூவு இன்னும் இருக்கு. வாடிப்போச்சு, ஆனா மணக்குது."

சோணை கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "ம்" என்றான். "மேல சொல்லு."